சிஎஸ்எம்டி முதல் சௌபாத்தி வரை

மும்பையின் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில் தொலைதூர ரயில்களுக்குக் காத்திருப்பவர்களின் கூடம் எப்போது போனாலும் நிரம்பியே இருக்கிறது. மூட்டைகளின் மேல் தலைவைத்துத் தூங்கும் பீகார்க் குடும்பங்கள், டிஃபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ரயில் எண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கும் முதியவர்கள், ஓரமாக ஒரு மேசை, அதன் அருகே இரண்டு ரயில்வே போலீசார். 2008 நவம்பர் 26 இரவும் இந்தக் கூடம் இப்படித்தான் இருந்திருக்கும். பயங்கரவாதிகள் அஜ்மல் கசாபும் அபு இஸ்மாயிலும் ஏகே-47 துப்பாக்கிகளோடு உள்ளே வந்து சுட்டதில் இங்கே மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தன் கண்ணாடி அறையிலிருந்து மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லி மக்களை வெளியேற்றியிராவிட்டால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

அன்று இந்த நிலையத்தில் காவலுக்கு நின்றவர்களிடம் என்ன இருந்தது? லத்தி இருந்தது. சிலரிடம் பிரிட்டிஷ் காலத்து .303 ரைஃபிள் இருந்தது. ஜில்லு யாதவ் என்ற ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் அப்படி ஒரு ரைஃபிளால் சுட்டார். கையில் கிடைத்த நாற்காலியையும் தூக்கி எறிந்தார். ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டர் சஷாங்க் ஷிண்டே எதிர்த்துப் போய் இங்கேயே உயிர்விட்டார். சாதாரணக் காவலர் உடம்பில் காக்கிச் சட்டையைத் தவிர வேறு கவசம் இல்லை.

மழைக்கு முந்திய மே மாதத்தில் மும்பைக்குப் போனேன். அந்த இரவில் கசாபும் இஸ்மாயிலும் போன வழியைக் காலால் நடந்து பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். தாக்குதலின் கதையைத் திரும்பச் சொல்வதற்காக அல்ல. அதைப் பலர் எழுதிவிட்டார்கள். போலீஸ்காரருக்குக் குண்டு துளைக்காத ஜாக்கெட் வாங்கும்போது காசையும் உயிரையும் எந்தத் தராசில் வைக்கிறோம் என்ற கேள்வி இந்தியாவில் பொதுவெளியில் உரக்க எழுந்தது இந்த ஊரில், இந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள். அதனால்தான் அங்கே போனேன்.

நிலையத்தின் முதல் பிளாட்பாரத்தை ஒட்டி, டைம்ஸ் ஆஃப் இந்தியா கட்டிடத்தின் பக்கமாக இறங்கும் நடைபாலம் ஒன்று உண்டு. இருவரும் அந்த வழியாகத்தான் வெளியேறினார்கள். அதற்கு ஹிமாலயா பாலம் என்று பெயர்; ஆனால் மக்கள் வாயில் அது பல ஆண்டுகள் 'கசாப் பாலம்' ஆகவே இருந்தது. 2019 மார்ச்சில் அது இடிந்து விழுந்து உயிர்களைப் பலி வாங்கியது. அதன்பின் புதிதாகக் கட்டினார்கள். கொன்றவனின் பெயர் ஒரு பாலத்தில் ஒட்டிக்கொண்டதும், கூடத்தில் செத்த காவலர்களின் பெயர் தெருவில் யாருக்கும் நினைவில்லாததும் என்னை உறுத்தின.

பாலம் இறங்கிச் சந்துக்குள் நடந்தால் காமா மருத்துவமனையின் பின்பக்கம். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான பழைய அரசு மருத்துவமனை. அஞ்சலி குல்தே என்ற செவிலியர் அன்றிரவு கர்ப்பிணிகள் 20 பேரை ஒரு சிறிய அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டிக் காப்பாற்றியது இங்கேதான். மாடிக்கு ஏறிய கூடுதல் ஆணையர் சதானந்த் தாத்தே கையெறி குண்டுத் துண்டுகளால் படுகாயம் அடைந்தார். அவரோடு போன சப் இன்ஸ்பெக்டர் பிரகாஷ் மோரேயும் காவலர் விஜய் காண்டேகரும் இறந்தார்கள்.

மருத்துவமனையை ஒட்டி ரங் பவன் சந்து. ஒரு புறம் செயின்ட் சேவியர் கல்லூரியின் கற்சுவர். மரங்கள் கவிந்த, இரண்டு கார்கள் அரைகுறையாக ஒதுங்கிப் போகக்கூடிய தெரு. பயங்கரவாதத் தடுப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்கரே, கூடுதல் ஆணையர் அசோக் காம்டே, சீனியர் இன்ஸ்பெக்டர் விஜய் சாலஸ்கர் மூவரும் ஒரே குவாலிஸ் வண்டியில் வந்து, இந்தச் சந்தில் புதர் மறைவிலிருந்து வந்த குண்டுகளுக்கு இரையானார்கள். பின்சீட்டில் காவலர்கள் நால்வர் இருந்தார்கள். அருண் ஜாதவ் ஒருவர்தான் பிழைத்தார், அதுவும் செத்த சகாக்களின் உடல்களுக்கு அடியில் கிடந்து.

கர்கரே அன்றிரவு ஹெல்மெட்டும் குண்டு துளைக்காத ஜாக்கெட்டும் போட்டுக்கொள்ளும் காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சற்று நேரத்தில் அவர் இறந்த செய்தி வந்தது. ஜாக்கெட் போட்டிருந்தும் எப்படி? அவர் மனைவி கவிதா கர்கரே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதைக் கேட்டார். ஜாக்கெட்டைக் காணவில்லை என்றது பதில். பிறகு ஜே.ஜே. மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர் ஒருவர் அதைக் குப்பையோடு போட்டுவிட்டதாக விசாரணையில் சொல்லப்பட்டது. கவிதா 2014இல் காலமானார். கணவரின் மார்பில் இருந்த பொருள் என்ன தரம் என்பதற்கு ஆய்வகத்திலிருந்து ஒரு தாள்கூட அவர் கைக்கு வந்து சேரவில்லை. ஒரு நாட்டின் மூத்த அதிகாரி அணிந்து செத்த கவசம் பத்திரப்படுத்த வேண்டிய சான்று என்று அன்று ஒருவருக்கும் தோன்றாமல் போனதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

குண்டுகள் அவருக்குத் தோளும் கழுத்தும் சேரும் மேல்பகுதியில் பாய்ந்தன என்று உடற்கூறாய்வை வைத்து அரசுத் தரப்பு சொன்னது. ஜாக்கெட் அந்த இடத்தை மூடுவதில்லை. ஆகவே ஜாக்கெட்டின் மேல் பழியில்லை என்பது வாதம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வாதத்தோடு விஷயம் மூடப்பட்டதுதான் தவறு. கேட்க வேண்டியது வேறு: அந்த ஜாக்கெட் எந்தத் துப்பாக்கிக்கு எதிராக வாங்கப்பட்டது?

இதை எனக்குப் புரியவைத்தவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழர். கவச உடை செய்யும் ஆலை ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நண்பர் வழியாக அறிமுகம். மெட்ரோ சினிமாவுக்கு எதிரே 1904 முதல் நடக்கும் கயானி இரானி ஹோட்டலில் உட்கார்ந்தோம். பன் மஸ்கா வந்தது. அவர் தேநீரைச் சாஸரில் ஊற்றி ஆற்றிக்கொண்டே பேசினார்.

"தம்பி, புல்லட் புரூஃப்னு ஒரு பொருளே கிடையாது. எந்த புல்லட்டுக்கு ப்ரூஃப்? அதைச் சொல்லாம விலை பேசக் கூடாது."

"போலீசுக்குன்னு ஒரு தரம் இருக்குமே, சார்?"

"இருக்கு. ஆனா ஃபைல்ல இருக்கற தரம் ஒண்ணு, எதிர்ல நிக்கறவன் கையில இருக்கறது ஒண்ணு."

9 மில்லிமீட்டர் பிஸ்டல் குண்டும் ஏகே-47 குண்டும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 8 கிராம். ஆனால் ஏகே-47 குண்டு நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் போகிறது; பிஸ்டல் குண்டு ஏறத்தாழ அதில் பாதி. வேகம் இரண்டு மடங்கானால் தாக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. கெவ்லர் போன்ற இழையைப் பல அடுக்காக மடித்துத் தைத்த மெல்லிய ஜாக்கெட், பிஸ்டல் குண்டை வலை போலப் பிடித்து நிறுத்திவிடும். ரைஃபிள் குண்டுக்கு முன்னால் அது வெறும் துணி. ரைஃபிளை நிறுத்த வேண்டுமானால் மார்பிலும் முதுகிலும் கெட்டியான தகடு வேண்டும். குண்டின் உள்ளே எஃகு முனை இருந்தால் அந்தத் தகட்டில் பீங்கான் வேண்டும். எஃகை நொறுக்க அதைவிடக் கடினமான பொருள் தேவை.

விலை இங்கேதான் பிரிகிறது. அலுமினா பீங்கான் மலிவு, ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் 3.9 கிராம். சிலிக்கான் கார்பைடு 3.2. போரான் கார்பைடு 2.5தான், விலையோ மூன்றிலும் உச்சம். அதாவது பாதுகாப்பு ஒரே அளவில் இருக்கும்போதும், காசு கூடக் கூட எடை குறைகிறது. டெண்டர் எழுதுகிறவர் 'இந்தக் குண்டை நிறுத்த வேண்டும்' என்று மட்டும் எழுதிவிட்டு எடையைத் தாராளமாக விட்டால், மலிவான கனமான தகடுதான் வந்து சேரும். பெரியவர் மேசையில் கிடந்த உப்புக் குப்பியை எடுத்துத் தன் தோளில் வைத்துக் காட்டினார். "எட்டு மணி நேர ட்யூட்டி. பத்து கிலோவைப் போட்டுட்டு நிப்பானா? மொத நாள் நிப்பான். அப்புறம் ஜீப் பின்னால கெடக்கும்."

அரசுக் கொள்முதலை அறிந்தவர்களுக்கு இரண்டு கவர் முறை தெரியும். முதல் கவரில் தொழில்நுட்ப ஆவணங்கள். அதில் தேறியவர்களின் இரண்டாவது கவர், விலைப்புள்ளி, திறக்கப்படும். யார் விலை மிகக் குறைவோ அவர் எல்1. ஒப்பந்தம் அவருக்கு. முதல் கவரில் ஒருவர் வெறும் முப்பத்தைந்து மதிப்பெண்ணில் தேறினாலும், இன்னொருவர் தொண்ணூற்றைந்தில் தேறினாலும் இரண்டாவது கவர் முன்னால் இருவரும் சமம். நாற்காலி வாங்க இது நல்ல முறை. லஞ்சத்துக்கு இடம் குறைவு, தணிக்கையில் பதில் சொல்வது எளிது. ஆனால் ஒரு கிலோ குறைவான ஜாக்கெட்டுக்கு இந்தத் தராசில் ஒரு ரூபாய்கூட மதிப்பில்லை. அதிகாரிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விலை கூடியதை வாங்கிய அதிகாரி தணிக்கைக் குழுவின் முன் நிற்க வேண்டிவரும். மலிவானதை வாங்கியதற்காக யாரும் நிறுத்தப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை, அதை அணிந்தவர் செத்தாலும்.

இந்தியாவுக்கு என்று ஒரு தேசியத் தரமே 2018 டிசம்பரில்தான் வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐஎஸ் 17051. அதுவரை ஒவ்வொரு படையும் தன் தேவையைத் தானே எழுதிக்கொண்டது. பெரும்பாலும் அமெரிக்க நீதித் துறையின் என்ஐஜே தரத்தைப் பார்த்து. குண்டு நின்றால் மட்டும் போதாது, நிற்கும்போது ஜாக்கெட் உள்நோக்கி எவ்வளவு குழிகிறது என்பதும் முக்கியம். பின்னால் களிமண் வைத்துச் சுட்டு, பள்ளத்தை அளப்பார்கள். அமெரிக்கத் தரத்தில் 44 மில்லிமீட்டர் வரை அனுமதி. பெரியவர் சொன்னார்: "குண்டு நின்னுடும். விலா எலும்பு நிக்காது."

'அப்படியானால் விலை கூடியதையே வாங்கிவிட்டால் தீர்ந்தது' என்று தோன்றும். எனக்கும் அந்தப் பேச்சின்போது அப்படித்தான் ஓடியது. அதை உடைத்தது அமெரிக்காவில் நடந்த ஒன்று. அது தமிழில் அதிகம் எழுதப்படாதது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மிச்சிகன் மாநிலத்தில் செகண்ட் சான்ஸ் என்று ஒரு நிறுவனம். நிறுவனர் ரிச்சர்ட் டேவிஸ், டெட்ராய்டில் பீட்சா கடை நடத்தியவர், கொள்ளையரோடு துப்பாக்கிச் சண்டை போட்டு உயிர் தப்பிய பிறகு சட்டைக்குள் அணியும் மெல்லிய ஜாக்கெட்டைச் செய்யத் தொடங்கினார். தன் ஜாக்கெட்டைத் தானே அணிந்து, தன்னையே சுட்டுக் காட்டி விற்றவர். 1990களின் இறுதியில் அவர் நிறுவனம் சைலான் என்ற புது இழைக்கு மாறியது. ஜப்பானின் டோயோபோ தயாரிப்பு. கெவ்லரைவிட மெல்லிசு, லேசு, விலையும் கூடுதல். போலீஸ்காரர்கள் ஆசையோடு வாங்கினார்கள். ஆய்வகத்தில் புத்தம்புது ஜாக்கெட்டுகள் எல்லாச் சோதனையிலும் தேறின.

ஆனால் சைலான் வெப்பத்திலும் ஈரத்திலும் வலுவிழக்கிறது. அணிந்தவரின் வியர்வையே அதை அரித்தது. 2003 ஜூனில் பென்சில்வேனியாவில் ஒரு போலீஸ்காரரின் சைலான் ஜாக்கெட்டைக் குண்டு துளைத்தது; அதே மாதம் கலிஃபோர்னியாவில் சைலான் ஜாக்கெட் அணிந்திருந்த இன்னொருவர் இறந்தார். அமெரிக்க அரசு, பயன்படுத்திய பழைய ஜாக்கெட்டுகளை நாடெங்கும் இருந்து வாங்கிச் சுட்டுப் பார்த்தது. பாதிக்கும் மேல் துளைக்கப்பட்டன. 2005 ஆகஸ்டில் சைலானுக்கு அளித்த அங்கீகாரம் நீக்கப்பட்டது. செகண்ட் சான்ஸ் அதற்கு முன்பே திவாலாகியிருந்தது. டோயோபோ 2018இல் 6.6 கோடி டாலர் கொடுத்து அரசோடு வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

விலை கூடியது, லேசானது, சான்றிதழ் பெற்றது. மூன்றும் சேர்ந்தும் காப்பாற்றவில்லை. ஏனென்றால் சோதனை புதுச் சரக்கில் நடந்தது, சாவு பழைய சரக்கில் நடந்தது. மே மாத மும்பையில், மெட்ரோ சந்திப்பைத் தாண்டுவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் புழுக்கத்தில், இந்தச் செய்திக்கு வேறு பொருள் உண்டு. பென்சில்வேனியாவின் ஈரத்தில் கெட்டுப்போகும் இழை இந்தக் கடலோரத்தில் எத்தனை மாதம் தாங்கியிருக்கும்?

புதுச் சரக்கையும் நம்ப முடியாது என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 26/11க்குப் பிறகு மகாராஷ்டிர போலீஸ் வாங்கிய ஜாக்கெட்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஏகே-47 சோதனையில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்டதாக 2018இல் செய்தி வந்தது. தாக்குதல் நடந்து பத்து ஆண்டுகள். செய்தியைப் படித்தவர்கள் கொதித்தார்கள். நான் அதில் ஒரு நல்ல செய்தியையும் பார்க்கிறேன்: வந்து இறங்கிய சரக்கிலிருந்து எடுத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள், தேறாததைத் திருப்பியிருக்கிறார்கள். டெண்டரோடு வந்த மாதிரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவை இன்று காவலர்களின் மார்பில் இருந்திருக்கும். சோதிக்கப்படும் ஒவ்வொரு ஜாக்கெட்டும் வீணாகும், அதற்குப் பணம் ஆகும். அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பது போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

சந்திலிருந்து வெளியேறிய அந்த இருவரும் குவாலிஸை எடுத்துக்கொண்டு, மெட்ரோ சந்திப்பில் கூட்டத்தை நோக்கிச் சுட்டபடி போனார்கள். டயர் பழுதானதும் ஒரு ஸ்கோடா காரைப் பறித்தார்கள். மரீன் டிரைவ் வழியாக வடக்கே. நானும் அந்த வழியைப் பிடித்துக் கடலோரம் நடந்தேன். வெயில் இறங்கியும் காற்றில் உப்பு பிசுபிசுத்தது.

வழியில் ஒரு நாக்காபந்தி. இரும்புத் தடுப்புகளைக் குறுக்கே போட்டு வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் வயதான காவலர் ஒருவரிடம் என் அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். ஜாக்கெட் உண்டா என்றேன். வண்டியில் இருக்கிறது, உத்தரவு வந்தால் போடுவோம் என்றார். ஏன் இப்போது போடவில்லை? அவர் பதில் சொல்லவில்லை. நெற்றி வியர்வையை வழித்துக் கீழே உதறினார். பக்கத்தில் நின்ற இளம் பெண் காவலர் மராத்தியில் ஏதோ சொல்ல, அவர் எனக்கு இந்தியில் மாற்றிச் சொன்னார்: ஜாக்கெட் எல்லாம் ஆண் அளவு, இவள் போட்டால் கைக்கு அடியில் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிறது, உட்கார்ந்தால் தகடு தாடையில் இடிக்கிறது.

அந்தப் பெண் சொன்னது சின்னக் குறை அல்ல. கவசத்தில் பக்கவாட்டு இடைவெளி என்பது கவசத்தில் ஓட்டை. போலீசில் பெண்களுக்கு இடஒதுக்கீடு கொடுத்துச் சேர்க்கும் அரசு, அவர்கள் உடம்புக்கு ஏற்ற வெட்டில் ஜாக்கெட் தைக்கச் சொல்ல ஒரு வரி டெண்டரில் சேர்ப்பதற்கு என்ன தடை?

அணியாத கவசத்தின் மதிப்பைப் பற்றி அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2010இல் கணக்குப் போட்டது. உடம்பின் நடுப்பகுதியில் சுடப்பட்ட போலீசாரில், ஜாக்கெட் அணியாதவர்கள் இறக்கும் வாய்ப்பு அணிந்தவர்களைப் போல 3.4 மடங்கு. எல்லாப் போலீசாருக்கும் ஜாக்கெட் வாங்கிக் கொடுக்கும் செலவைவிட அதனால் கிடைக்கும் பயன் அதிகம் என்றும் அந்த ஆய்வு சொன்னது. அங்கே 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்ப் போலீஸ் வாங்கும் ஜாக்கெட்டின் விலையில் பாதி வரை மத்திய அரசு தருகிறது. 2011 முதல் அதற்கு ஒரு நிபந்தனை: பணியில் இருக்கும்போது கட்டாயம் அணிய வேண்டும் என்று எழுத்துபூர்வமான விதி இருக்கும் துறைக்கே பணம். அலமாரியில் தூங்கும் கவசத்துக்கு மக்கள் வரிப்பணம் கிடையாது. நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது துணியை அல்ல, இந்த விதியை.

அவர்கள் செய்யும் இன்னொன்றும் நமக்குப் பொருந்தும். ரோந்து போலீஸ்காரர் சட்டைக்கு உள்ளே மெல்லிய ஜாக்கெட்டைத் தினமும் அணிகிறார். அன்றாடம் அவர் எதிர்கொள்ளக்கூடிய பிஸ்டலை அது நிறுத்தும். ரைஃபிள் தகடு வைத்த கனமான கவசம் காரில் இருக்கும். துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால் மேலே மாட்டிக்கொள்வார். பிரிட்டனில் ஆபத்து பெரும்பாலும் கத்தி. அங்கே ஜாக்கெட் கத்திக் குத்தையும் தாங்கும்படி செய்யப்படுகிறது, ஏனென்றால் குண்டை நிறுத்தும் இழையெல்லாம் கூரான கத்தியை நிறுத்திவிடாது. ஊருக்கு ஊர் எதிரி வேறு. நம் நாக்காபந்திக் காவலர் ஆண்டு முழுவதும் சந்திப்பது நாட்டுத் துப்பாக்கியும் கத்தியும்; ஏகே-47 எப்போதோ ஒரு நாள். அந்த ஒரு நாளை நினைத்துப் பத்து கிலோ கவசத்தை மட்டும் வாங்கி, மற்ற எல்லா நாளும் அவரை வெறும் சட்டையோடு நிறுத்துகிறோம். அந்த ஒரு நாள் வரும்போது கவசம் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கிறது.

கிர்காவ் சௌபாத்திக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பேல்பூரிக் கடைகள், குதிக்கும் குழந்தைகள், மணலில் பாய் விரித்து உட்கார்ந்த குடும்பங்கள். சாலையோரம் துக்காராம் ஓம்ப்ளேயின் சிலை. உதவி சப் இன்ஸ்பெக்டர். அன்றிரவு இந்தத் தடுப்பில் ஸ்கோடா நின்றபோது அவர் கையில் இருந்தது லத்தி. கசாபின் துப்பாக்கிக் குழலை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். குண்டுகள் முழுவதும் அவர் உடம்புக்குள் போயின, பிடியை விடவில்லை. மற்றவர்கள் பாய்ந்து கசாபை உயிரோடு பிடித்தார்கள். அந்தத் தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள். தாக்கியவர்களில் உயிரோடு சிக்கியவன் அவன் ஒருவனே. அதனால்தான் சதியின் மூலம் உலகத்தின் முன் வெளிப்பட்டது. ஓம்ப்ளேக்கு அசோக சக்ரா கொடுத்தார்கள்.

மெல்லிய ஜாக்கெட் ஒன்று அவர் உடம்பில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? மாட்டார். அவ்வளவு நெருக்கத்தில் ஏகே-47ஐ இழை நிறுத்தாது. தகடு இருந்திருந்தால்? தகடு மூடும் இடங்களில் பட்ட குண்டுகளிலிருந்து காத்திருக்கும். அதற்குமேல் சொல்வது அவர் சாவை வைத்துச் சூதாடுவது. ஆனால் ஒன்று உறுதியாகச் சொல்லலாம். அந்த இரவில் தலைமை அதிகாரிக்கு ஏதோ ஒரு ஜாக்கெட் கிடைத்தது. தடுப்பில் நின்றவருக்கு எதுவுமே இல்லை. தடுப்பில் நின்றவர்தான் துப்பாக்கியைப் பிடித்தார். கவச உடை வாங்கும் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்ற கேள்விக்கு இந்தச் சிலை இருக்கும் இடமே பதில்.

விலைக்கு வருகிறேன். 2018 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சகம் தரைப்படைக்கு 1.86 லட்சம் ஜாக்கெட்டுகள் வாங்க 639 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. வகுத்துப் பார்த்தால் ஒன்று சுமார் 34,000 ரூபாய். ராணுவத்துக்கான, ரைஃபிள் குண்டைத் தடுக்கும் முழுக் கவசத்தின் விலை அது. போலீசின் அன்றாட மெல்லிய ஜாக்கெட்டுக்கு இதைவிடக் குறையும். அந்த ராணுவக் கவசத்துக்கே ஆயுள் ஐந்து ஆண்டு என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 19 ரூபாய். சிஎஸ்எம்டி வாசலில் ஒரு வடா பாவ் ஏறத்தாழ அந்த விலைக்குத்தான் விற்கிறது. இந்தத் தொகைக்காகவா எல்1 பார்க்கிறோம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் பெரிய மாநிலங்களின் போலீஸ் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கானோர் கொண்டது. 19 ரூபாயைப் பெருக்கினால் நிதித் துறைச் செயலர் கண்ணாடியைக் கழற்றுவார். அவருடைய கவலையும் நியாயம்தான். எல்லாருக்கும் ராணுவக் கவசம் வேண்டியதில்லை. எல்லாரையும் ஒன்றுமில்லாமல் நிறுத்தவும் வேண்டியதில்லை.

என் முடிவு இது. சாலையில் தடுப்புப் போட்டு நிற்கும் காவலருக்கு முதலில், தினமும் அணியக்கூடிய எடையில், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வெட்டில், பிஸ்டலையும் கத்தியையும் தாங்கும் ஜாக்கெட். ரோந்து வண்டி ஒவ்வொன்றிலும் அதில் இருப்போரின் எண்ணிக்கைக்குத் தகடு வைத்த கவசம். டெண்டரில் எடைக்கு உச்சவரம்பும், குறைந்த எடைக்கு மதிப்பெண்ணும். விலையை அணியும் ஆண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட வேண்டும், வாங்கும் நாளுக்கு அல்ல. வந்த சரக்கிலிருந்து எடுத்துச் சுட வேண்டும். ஆண்டுதோறும் வியர்வை குடித்த பழையதிலிருந்தும் எடுத்துச் சுட வேண்டும். யாராவது பணியில் சுடப்பட்டால் அவர் அணிந்திருந்த கவசம் முத்திரையிட்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டும், குப்பைத் தொட்டிக்கு அல்ல. இவற்றில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பைக் கேட்கவில்லை. மும்பையின் டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகளே 'பாபா கவச்' என்று லேசான ஜாக்கெட் ஒன்றை உருவாக்கி, ஹைதராபாதின் மிதானி ஆலைக்குத் தயாரிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அறிவு நம்மிடம் இருக்கிறது. அதை வாங்கும் விதிதான் நாற்காலி வாங்கும் விதியாகவே இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் பலர் வீட்டில் ஒரு போலீஸ்காரர் இருப்பார். அண்ணன், மகள், மாமா, பக்கத்து வீட்டுத் தம்பி. அவருக்குத் துறை கொடுத்திருக்கும் ஜாக்கெட்டின் உள்பக்க லேபிளை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் குண்டுக்கானது, எந்த ஆண்டு தயாரித்தது என்று அதில் இருக்க வேண்டும். லேபிள் இல்லை என்றாலோ, தயாரித்து ஐந்து ஆண்டு கடந்திருந்தாலோ, மாற்றித் தரும்படி எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வருவதற்கு முன் உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் ஒரு கடிதம் போடுங்கள்: நம் மாநிலத்தில் காலாவதியான ஜாக்கெட்டுகள் எத்தனை, கடைசியாக அவற்றைச் சுட்டுச் சோதித்தது எப்போது என்று அவர் அவையில் எழுந்து கேட்கட்டும்.